சீனக் கிராமங்களில் நில எடுப்பு: ஹுகோவ் பதிவும் மறுகுடியமர்வு உரிமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் சாலை, ரயில் பாதை, அணை, தொழிற்பேட்டை என்று ஏதாவது ஒன்றுக்காகக் கிராம நிலம் எடுக்கப்படும்போது, விலைத் தகராறுக்கு முன்பே ஆள் கணக்குத் தகராறு வந்துவிடும். இந்த ஊரில் பங்கு உள்ளவர்கள் எத்தனை பேர்? கட்டிக்கொடுத்த மகள் கணக்கில் உண்டா, கல்லூரிக்குப் போன மகன் உண்டா, நேற்றுப் பிறந்த குழந்தை உண்டா? இதற்கெல்லாம் விடை சொல்லும் விதிகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புகள் சட்டம் அவற்றில் பலவற்றைத் தெளிவாக்கியிருக்கிறது. அதையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறோம்.

ஹுகோவ் என்பது நம்மூர் ரேஷன் கார்டு போன்றதா?

இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் குழம்பிவிடும். ஹுகோவ் என்பது காவல் நிலையம் வைத்திருக்கும் குடும்பப் பதிவு. 1958 ஜனவரி 9 அன்று வந்த பதிவு விதிகளின்படி ஒருவருக்கு நிரந்தரப் பதிவு ஓர் இடத்தில் மட்டுமே இருக்க முடியும். ஊர் மாறினால் பழைய இடத்தில் நீக்கிவிட்டுத்தான் புதிய இடத்தில் சேர்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் இந்தப் பதிவு 'வேளாண்', 'வேளாண் அல்லாத' என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. 2014 ஜூலையில் மத்திய அரசு அந்தப் பிரிவை நீக்கி, எல்லாருக்கும் 'குடியிருப்பாளர் ஹுகோவ்' என்று ஒரே பெயர் கொடுத்தது.

இன்னொரு பெரிய வேறுபாடு நிலத்தின் உரிமை. நம்மூரில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு இழப்பீடு. சீனக் கிராமத்தில் நிலம் தனியார் சொத்து இல்லை. ஊர் மக்களின் கூட்டுடைமை. அவர்கள் சார்பில் அதை நிர்வகிப்பது கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்பு; கீழே அதைத்தான் 'கூட்டுடைமை அமைப்பு' என்கிறோம். குடும்பங்களுக்கு இருப்பது சாகுபடி ஒப்பந்த உரிமையும் வீட்டு மனையைப் பயன்படுத்தும் உரிமையும். அதனால்தான் "உன் பெயரில் எவ்வளவு நிலம்?" என்று கேட்பதைவிட "நீ இந்தக் கூட்டுடைமை அமைப்பின் உறுப்பினரா?" என்று கேட்பது முக்கியமாகிறது.

கிராமத்தில் ஹுகோவ் இருந்தாலே பங்கு கிடைத்துவிடுமா?

கிடைக்காது. ஹுகோவ் பதிவு வலுவான சான்று. ஆனால் உரிமை உறுப்பினர் தகுதியில்தான் இருக்கிறது. புதிய சட்டத்தின் 11-ஆவது பிரிவு மூன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. முதலாவது, அந்த ஊரில் ஹுகோவ் இப்போது இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, அமைப்போடு நிலையான உரிமை–கடமை உறவு இருக்க வேண்டும். மூன்றாவது, அடிப்படை வாழ்வாதாரத்துக்கு அந்த ஊர்க் கூட்டு நிலத்தைச் சார்ந்திருக்க வேண்டும்.

"முன்பு இருந்திருக்க வேண்டும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். பதிவு வெளியூருக்குப் போய்விட்டது என்பதாலேயே ஒருவர் உறுப்பினர் இல்லை என்று ஆகிவிடாது. எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்காகவோ இழப்பீட்டை எதிர்பார்த்தோ உறவினர் வீட்டில் பெயரை மட்டும் ஏற்றி வைத்திருப்பவர்களை ஊரார் 'வெற்றுத் தொங்கல் பதிவு' என்பார்கள். நிலமும் இல்லை, வீடும் இல்லை, ஊர்க் கடமைகளில் பங்கும் இல்லை என்றால், ஹுகோவ் புத்தகத்தில் பெயர் இருந்தும் அவர்களுக்குப் பங்கு கிடைப்பதில்லை.

என்னென்ன தொகைகள் வரும்? எது யாருக்கு?

நில நிர்வாகச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் நில இழப்பீடு, முந்தைய மூன்றாண்டுச் சராசரி விளைச்சல் மதிப்பின் 6 முதல் 10 மடங்கு. மறுகுடியமர்வுத் தொகையோடு சேர்த்தாலும் 30 மடங்கைத் தாண்டக் கூடாது. நெல் விளைந்த வயலில் விமான நிலையமே வந்தாலும் நெல் விலையில்தான் கணக்கு. திருத்தம் அந்த முறையைக் கைவிட்டு, மாகாண அரசு பகுதிவாரியாக நில விலை நிர்ணயிக்க வேண்டும் என்றும், மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

வரும் பணம் ஒரே பையில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு. பெரும்பாலான குழப்பம் இதை உணராததால்தான்.

பயிருக்கும், மரம், கிணறு, கொட்டகை போன்றவற்றுக்கும் வரும் தொகை அவற்றின் உரிமையாளருக்கு. இதில் ஹுகோவுக்கு வேலையே இல்லை. வெளியூர்க்காரர் குத்தகைக்கு எடுத்து நட்ட பழமரங்களானாலும், குத்தகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, தொகை அவருக்கே.

நில இழப்பீட்டுத் தொகை கூட்டுடைமை அமைப்புக்குப் போகும். அமைப்பு உறுப்பினர்களுக்கு எவ்வளவு பிரிக்கலாம், எப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு மாகாண விதி உண்டு. இங்கேதான் உறுப்பினர் தகுதி முழு எடையோடு வருகிறது.

மறுகுடியமர்வுத் தொகை, நிலம் போனதால் பிழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களுக்கு. வயல் யாருடைய ஒப்பந்தத்தில் இருந்தது என்பது இதில் முதன்மை.

வீட்டுக்கான இழப்பீடு தனி. புது மனை, கட்டிய குடியிருப்பு, ரொக்கம் என்ற மூன்றில் ஒன்று. கிராமத்தாரின் விருப்பத்தை மதித்து, முதலில் ஈடு கொடுத்துவிட்டு அதன் பிறகே இடம் மாற்ற வேண்டும் என்பது சட்டம். சாமான் மாற்றும் செலவும் தற்காலிக வாடகையும் இதில் அடங்கும்.

சமூகப் பாதுகாப்புத் தொகை, நிலம் இழந்தவர்களின் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு. கையில் ரொக்கமாகக் கொடுக்க அல்ல. எத்தனை வயது, எவ்வளவு நிலம் போயிருக்க வேண்டும் என்பதை மாகாணமே வகுக்கிறது. மேலே சொன்ன எந்தத் தொகையானாலும் முழுமையாக ஒதுக்கப்படாமல் நில எடுப்புக்கு ஒப்புதல் தரக் கூடாது என்று 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள அமலாக்க விதிகள் சொல்கின்றன.

எந்தத் தேதியில் உறுப்பினராக இருக்க வேண்டும்?

நில இழப்பீட்டுப் பங்கைப் பொறுத்தவரை உச்ச மக்கள் நீதிமன்றம் 2005-இல் கொடுத்த விளக்கமே அடிப்படை: இழப்பீடு மற்றும் மறுகுடியமர்வுத் திட்டம் உறுதியாகும் நேரத்தில் உறுப்பினராக இருப்பவருக்குப் பங்கு உண்டு. பணம் கணக்கில் விழும் நாளோ, ஊர்க்கூட்டம் பிரிக்கும் நாளோ அளவுகோல் அல்ல.

கிராம நிர்வாகம் "இந்த ஆண்டுக் கடைசியில் புத்தகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்று தன் வசதிக்கு ஒரு தேதி வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. திட்டம் உறுதியான பிறகு, பிரிப்பதற்கு முன் ஒருவர் இறந்துவிட்டால், அவருக்கு ஏற்கெனவே உருவான பங்கை வாரிசுகள் கேட்கலாம். திட்டம் உறுதியான பிறகு பிறந்த குழந்தைக்கு அந்தத் தொகையில் பொதுவாகப் பங்கில்லை.

வீட்டுக்கும் பயிருக்கும் தேதி வேறு. பூர்வாங்க அறிவிப்பு ஒட்டப்படும் நாள்தான் அங்கே கோடு. அறிவிப்பு குறைந்தது 10 வேலை நாள் இருக்க வேண்டும். அது வந்த பிறகு அவசர அவசரமாக எழுப்பிய மாடிக்கும் நட்ட கன்றுக்கும் ஈடு கிடையாது.

திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணுக்குப் பிறந்த ஊரில் பங்கு உண்டா?

கணவர் ஊரில் உறுப்பினர் தகுதி கிடைக்காதவரை, உண்டு. புதிய சட்டத்தின் 18-ஆவது பிரிவு இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது: திருமணமான உறுப்பினருக்கு வேறொரு கூட்டுடைமை அமைப்பில் உறுப்பினர் தகுதி கிடைக்கவில்லை என்றால், பழைய அமைப்பு அவரை நீக்கக் கூடாது. மணவிலக்கு, கணவர் இறப்பு ஆகியவையும் நீக்கக் காரணம் ஆகா. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்திய பெண்கள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், வீட்டில் ஆண் இல்லை என்பதைக்கூடக் காரணமாகக் காட்டக் கூடாது என்கிறது. ஒப்பந்த நிலத்துக்கும் இதே நியாயம்தான்: புகுந்த ஊரில் நிலம் கிடைக்காதவரை பிறந்த ஊர் நிலத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நீதிமன்றங்களுக்கு அதிகம் வரும் வழக்கு இதுதான். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிராமக் குழுவின் (கிராமத்தின் உட்பிரிவு) 40 மூ நிலம் எடுக்கப்படுகிறது (ஒரு மூ என்பது நம் அளவில் சுமார் பதினாறரை சென்ட்). மூவுக்கு 60,000 யுவான் என்றால் மொத்தம் 24 லட்சம். 120 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 20,000. கட்டிக்கொடுத்த மூன்று பெண்களையும் அவர்களின் மூன்று குழந்தைகளையும் சேர்த்து 126 பேர் என்றால் தலைக்கு சுமார் 19,050. ஆறு பேரை ஒதுக்கினால் மற்ற ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 950 யுவான் லாபம். அந்த ஆறு பேருக்கோ தலைக்கு 19,050 நட்டம். இந்த நிலையில் கைதூக்கச் சொன்னால் முடிவு எப்படி வரும் என்று தெரிந்ததுதான். பங்கு போனால் பணத்தோடு நிற்பதில்லை. மனை, குடியிருப்பு ஒதுக்கீடு, ஓய்வூதியச் சேர்ப்பு எல்லாமே அதே உறுப்பினர் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. ஒரு பெண்ணின் பெயரை அதிலிருந்து அடிப்பது அவளை வாழ்நாளுக்கும் நிலமற்றவளாக்குவது. அதை ஊர் வழக்கம் என்று சொல்லி ஏற்றுக்கொள்ள முடியாது.

ஊர்க்கூட்டம் பெரும்பான்மையாக வாக்களித்து ஒருவரை நீக்கிவிட்டால்?

வாக்கு எண்ணிக்கை சட்டத்தை மாற்றாது. உறுப்பினர் கூட்டம் 10 நாளுக்கு முன் அறிவித்துக் கூட்டப்பட வேண்டும், ஒருவருக்கு ஒரு வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் என்று முறைகள் உண்டு. அத்தனையையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும், சட்டப்படி உறுப்பினரான ஒருவரின் உரிமையைப் பறிக்கும் தீர்மானம் செல்லாது. ஊர்க் கட்டுப்பாடு சட்டத்துக்கு முரணாக இருந்தால் திருத்தச் சொல்லி உத்தரவிடும் பொறுப்பு, கிராமத்துக்கு மேலே உள்ள டவுன்ஷிப் அரசுக்கு இருக்கிறது.

ஊர்க்கூட்டத்துக்கு உண்மையான விருப்புரிமை உள்ள இடமும் உண்டு. உறுப்பினர் அல்லாத ஒருவர் நீண்ட காலம் அமைப்பில் வேலை செய்து ஊருக்குப் பங்களித்திருந்தால், மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதித்து அவருக்குச் சில உரிமைகளைக் கொடுக்கலாம்.

வீட்டோடு வந்த மாப்பிள்ளை, தத்துப் பிள்ளை, புதிதாகப் பிறந்த குழந்தை?

உறுப்பினருக்குப் பிறந்த குழந்தையை உறுப்பினராக ஏற்றே தீர வேண்டும். திருமணம், தத்து, அரசு நடத்திய குடிபெயர்ப்பு ஆகியவற்றால் வந்தவர்களைப் 'பொதுவாக ஏற்க வேண்டும்' என்று சட்டம் சற்றுத் தளர்த்திச் சொல்கிறது. அவர் தன் பழைய ஊரில் பங்கை வைத்துக்கொண்டே இங்கும் கேட்கிறாரா என்று பார்க்க அந்தத் தளர்வு. மனைவி ஊரில் பதிவைச் சேர்த்துக்கொண்ட கணவருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவ்வூரின் மற்ற உறுப்பினர்களோடு சம உரிமை உண்டு. மகள் ஒருத்திதான் இருந்தால் ஒரு மாப்பிள்ளைக்கு இடம், இரண்டு மகள்கள் என்றால் ஒருவருக்கு மட்டும் என்ற பழைய ஊர்க் கட்டுப்பாடுகள் இந்த விதியின் முன் நிற்காது.

குழந்தையை ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். 1998-க்கு முன் குழந்தைக்குத் தாயின் பதிவுதான். அதன் பிறகு தாய், தந்தை யாருடைய பதிவிலும் சேர்க்கலாம். பிறப்புக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அனுமதியின்றிப் பிறந்து, பதிவே இல்லாமல் வளர்ந்தவர்கள் பலர் பழைய பங்கீடுகளில் விடுபட்டுப் போனார்கள். 2016 ஜனவரியில் வெளியான மத்திய அரசு ஆணை, எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் எல்லாரையும் பதிவு செய்யச் சொன்னது. அபராத ரசீது கேட்டுப் பதிவை மறுப்பது அன்றோடு முடிந்தது.

படிக்க, ராணுவத்துக்கு, வேலைக்கு வெளியே போனவர்கள்? சிறையில் இருப்பவர்கள்?

படிப்பு, படைச் சேவை, வேலை, வணிகம், சிறைத் தண்டனை எதுவும் உறுப்பினர் தகுதியைப் பறிக்காது. இவற்றைச் சட்டமே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கல்லூரி மாணவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சேர்க்கையின்போது ஹுகோவைக் கல்லூரியின் கூட்டுப் பதிவுக்கு மாற்றிவிட்டால், ஊர்ப் புத்தகத்தில் அவர் பக்கத்தில் 'வெளியேறினார்' முத்திரை விழும். கணக்கெடுப்பவர் அந்த முத்திரையை மட்டும் பார்த்து அடித்துவிடுவார். படிப்புச் சான்றைக் கூடவே கொடுத்தால்தான் பெயர் தப்பும்.

நகரத்தில் வீடு வாங்கி ஹுகோவையும் மாற்றிக்கொண்டால் எல்லாம் போய்விடுமா?

ஒப்பந்த நிலம், வீட்டு மனை, கூட்டு வருமானப் பங்கு ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்தால்தான் நகரப் பதிவு என்று நிபந்தனை வைக்கக் கூடாது என்பது 2014 முதலே அரசின் நிலைப்பாடு. 2019 முதல் நடைமுறையில் உள்ள திருத்திய நில ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்த நிலத்துக்கு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. விருப்பப்பட்டு, ஈடு வாங்கிக்கொண்டு விலகலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விலகுபவர் கூட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்க முடியாது. பேசி முடிக்கும் ஈட்டுத் தொகையோ, ஏற்கெனவே அனுபவிக்கும் பலன்களைச் சில காலம் தொடர்வதோதான் கிடைக்கும்.

ஆனால் நகரத்துக்குப் போனவர் கவனிக்க வேண்டியது ஒன்று. மனை உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்பதும், புதிதாக மனை கேட்கலாம் என்பதும் ஒன்றல்ல. நகரப் பதிவை விட்டு மறுபடி கிராமப் பதிவுக்குத் திரும்புவது பெரும்பாலான இடங்களில் மிகக் கடினம்.

அரசு ஊழியர்?

நிரந்தர அரசு ஊழியரானால் உறுப்பினர் தகுதி போய்விடும். ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டவருக்கு அப்படி இல்லை. சீனக் குடியுரிமையை இழந்தாலும், வேறு ஊர் அமைப்பில் உறுப்பினரானாலும் தகுதி போகும்.

வீட்டுக்கு மாற்று வீடு: தலைக்கணக்கா, பரப்புக் கணக்கா?

இரண்டும் உண்டு, சில இடங்களில் கலந்தும் உண்டு. இடிக்கப்பட்ட வீட்டின் பரப்பை வைத்துக் கணக்கிடும் ஊரில், பெரிய வீடு கட்டியவருக்குப் பெரிய குடியிருப்பு. தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிடும் ஊரில், பட்டியலில் எத்தனை பேர் என்பதே எல்லாம். அறிவிப்புப் பலகையில் திட்டத்தைப் பார்த்தவுடன் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

அடிப்படை விதி ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை. அண்ணன் தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனால் பதிவைப் பிரித்துத் தனி மனை கேட்கலாம். அறிவிப்பு வந்த பிறகு பிரித்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். குடும்ப எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் காகிதத்தில் மணவிலக்கு செய்துகொள்வதும் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். மணவிலக்கு சட்டப்படி உண்மையானது. மனம் மாறி ஒருவர் மறுமணத்துக்கு மறுத்தால் வீடும் பிள்ளையும் சிக்கலாகும்.

வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ தானம் கொடுத்தோ இருந்தால், பிறகு புது மனை கேட்டு விண்ணப்பிக்க முடியாது.

நகரப் பதிவுள்ள பிள்ளை கிராமத்து வீட்டுக்கு வாரிசாகலாமா? வெளியார் வாங்கிய வீடு?

வாரிசாகலாம். வீடு வாரிசுச் சொத்து. வீடு இருக்கும்வரை அடிமனையைப் பயன்படுத்தும் உரிமையும் அதோடு வரும். 2020-இல் இயற்கை வள அமைச்சகம் இதை உறுதி செய்து, சொத்துப் பதிவேட்டில் 'இவ்வமைப்பின் முன்னாள் உறுப்பினரது வீட்டின் சட்டப்படியான வாரிசு' என்று குறிப்பெழுதிப் பதிவு செய்யலாம் என்றது. வீடு இடிந்து விழுந்துவிட்டால் மனை ஊருக்குத் திரும்பிவிடும், மறுபடி கட்ட முடியாது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரையைப் பழுதுபார்த்து வைப்பதும், பழுதுபார்த்ததற்கு ரசீதும் புகைப்படமும் வைத்திருப்பதும் அதனால்தான் முக்கியம். நில எடுப்பில் வாரிசுக்கு வீட்டின் மதிப்பு கிடைக்கும். உறுப்பினருக்கான தலைப்பங்கு கிடைக்காது.

நகரவாசி கிராம வீட்டை விலைக்கு வாங்குவது வேறு. அந்த விற்பனையை நீதிமன்றங்கள் செல்லாது என்கின்றன. பெய்ஜிங்கின் சொங்ஜுவாங் ஓவியர் கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறிய ஓவியர்கள்மீது, மனை விலை ஏறியதும் விற்றவர்களே வழக்குப் போட்டார்கள். 2007-இல் ஒரு வழக்கில் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. விற்றவர் நட்டஈடு தர வேண்டும் என்று பிறகு தனி வழக்கில் முடிவானது. இடிப்பின்போது இப்படி வாங்கியவர் தகுதிப் பட்டியலில் வரமாட்டார்; விற்றவரிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

அணைத் திட்டங்களுக்கு விதி வேறா?

வேறு. 'மூன்று பள்ளத்தாக்கு' அணைக்காக 13 லட்சத்தை ஒட்டிய மக்களும், தெற்கு நீரை வடக்கே கொண்டுசெல்லும் திட்டத்துக்காகத் தான்ஜியாங்கோவ் நீர்த்தேக்கப் பகுதியில் சுமார் 3,45,000 பேரும் இடம் மாற்றப்பட்டார்கள். இத்தகைய பெரிய, நடுத்தர நீர்த்திட்டங்களுக்கு 2006-இல் வந்த தனி ஒழுங்குவிதி உண்டு. தொடக்கமே கட்டுமானத் தடை அறிவிப்பில்தான். அது வந்த நாள் முதல் நீர் தேங்கும் பகுதியில் புதிதாகக் கட்டவும் கூடாது, வெளியாட்கள் பதிவை உள்ளே மாற்றவும் கூடாது. பிறகு வீடுவீடாகக் கணக்கெடுப்பு. படிக்கப் போன மாணவர், கட்டாயப் படைச் சேவையில் இருப்பவர், சிறையில் இருப்பவர், திருமணமாகி வந்தும் பதிவு இன்னும் மாறாதவர் ஆகியோரையும் சேர்த்தே எண்ண வேண்டும். கணக்கெடுப்புத் தாளில் குடும்பத் தலைவர் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு.

இடம் மாறிய கிராமத்தாருக்குப் பின்னுதவியாக ஆளுக்கு ஆண்டுக்கு 600 யுவான் வீதம் 20 ஆண்டுகள் என்று 2006-இல் முடிவானது. அதே ஆண்டு ஜூன் 30 வரை இடம் மாறியிருந்தவர்களுக்கு 2006 ஜூலை 1-இல் தொடங்கி அந்த 20 ஆண்டு. பிறகு மாறியவர்களுக்கு மாறி முடித்த நாளிலிருந்து. அதற்குள் வேளாண் அல்லாத பதிவுக்கு மாறிவிட்டவர்களை இதில் சேர்க்கவில்லை. கூட வந்த உறவினர்களில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய பதிவு மாற்றம்தான்.

வறுமை ஒழிப்புக்காக மலையிலிருந்து இறக்கிக் குடியமர்த்தினார்களே, அது?

2016 முதல் 2020 வரை நடந்த திட்டம் அது. வறியோர் பட்டியலில் இருந்த சுமார் 96 லட்சம் பேர் இடம் மாறினார்கள். இதற்குத் தகுதி நில எடுப்பின் வழியாக வருவதல்ல. வறியோர் பட்டியலில் குடும்பம் இருந்ததா, இருந்த இடம் வாழ லாயக்கற்றதா என்பதே கேள்வி. தலைக்கு 25 சதுர மீட்டருக்கு மேல் வீடு கூடாது. குடும்பம் கையிலிருந்து போடும் பணம் தலைக்கு 2,500 யுவானையும் வீட்டுக்கு 10,000 யுவானையும் தாண்டக் கூடாது. பழைய வீட்டை இடித்து மனையை மீண்டும் விளைநிலமாக்க ஒப்புக்கொள்ள வேண்டும். மலையில் இருந்த ஒப்பந்த நிலமும் காடும் அவர்களுடையதாகவே இருக்கும்.

என்னென்ன ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

ஹுகோவ் புத்தகத்தில் ஒவ்வொருவரின் பக்கத்திலும் கீழ்ப்பகுதியில் 'எப்போது, எங்கிருந்து இந்த முகவரிக்கு வந்தார்' என்று ஒரு கட்டம் இருக்கும். தகராறு வந்தால் எல்லாரும் விரல் வைப்பது அந்தக் கட்டத்தில்தான். புத்தகம் மாற்றித் தரும்போது அது வெற்றாகிவிட்டிருந்தால், காவல் நிலையத்தின் பழைய பதிவேட்டிலிருந்து முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

கூடவே நில ஒப்பந்தச் சான்றிதழ் (அதில் குடும்பத்தினர் பெயர்கள் தனியாக இருக்கும்), மனைச் சான்று, திருமணச் சான்று, கிராம மருத்துவக் காப்பீடு கட்டிய ரசீதுகள், முந்தைய பங்குத் தொகை வரவான வங்கிப் புத்தகம், கிராமத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர். நிலையான உறவு இருந்தது என்று காட்டுவது இவைதான்.

திருமணமான பெண்ணுக்குத் தீர்மானகரமான தாள் இன்னொன்று: கணவர் ஊர் அமைப்பு கொடுக்கும் 'இங்கே நிலமோ பங்கோ பெறவில்லை' என்ற சான்று. வழக்கு வந்த பிறகு கேட்டால் அந்த ஊரும் தயங்கும். எந்தப் பிரச்சினையும் இல்லாத காலத்திலேயே வாங்கி வைப்பது நல்லது. தர மறுத்தால், அந்த விவரத்தைத் திரட்டித் தரும்படி நீதிமன்றத்திடமே விண்ணப்பிக்கலாம்.

மறுத்துவிட்டால் எங்கே போவது?

முதலில், மறுத்தது யார் என்று பிரித்துப் பாருங்கள். தவறான வாசலில் நின்று காலக்கெடுவைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

திட்ட நிலையிலேயே தவறு தெரிந்தால் அதுவே நல்ல நேரம். இழப்பீட்டுத் திட்டத்தை டவுன்ஷிப்பிலும் கிராமத்திலும் கிராமக் குழுவிலும் குறைந்தது 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அது சட்டப்படி இல்லை என்றால், டவுன்ஷிப்புக்கும் மேலே உள்ள கவுண்ட்டி அரசு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது பதிவாகாது; எழுதி, கையெழுத்துகளோடு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

பணம் ஊர்க் கணக்குக்கு வந்து, பங்கு பிரிக்கும்போது ஒதுக்கினால் எதிர்த்தரப்பு கூட்டுடைமை அமைப்பு. டவுன்ஷிப் அரசிடமோ கவுண்ட்டி வேளாண் துறையிடமோ சமரசம் கேட்கலாம். அது வேண்டாம் என்றாலோ பலிக்காவிட்டாலோ, நில ஒப்பந்த நடுவர் அமைப்புக்கோ நேராக நீதிமன்றத்துக்கோ போகலாம். "மொத்தத் தொகையில் இன்னும் அதிகமாகப் பங்கிட வேண்டும்" என்று வழக்குப் போட்டால் நீதிமன்றம் எடுக்காது. "பங்கிட்டதில் எனக்குரியதைக் கொடு" என்று கேட்க வேண்டும். உறுப்பினர் பட்டியலில் பெண்களை ஒதுக்கியது பொதுநலனைப் பாதிக்கும் அளவுக்குப் போனால், அரசு வழக்குத்தொடுப்புத் துறை பரிந்துரைக் கடிதம் அனுப்பவோ பொதுநல வழக்குத் தொடரவோ முடியும். தனியாகப் போராடும் பெண்கள் சேர்ந்து அந்தத் துறைக்கு மனுக் கொடுப்பது பயன் தரும்.

வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயரை விட்டது அரசு என்றால், அது நிர்வாக வழக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவருக்கு அரசு தனியாக இழப்பீட்டு முடிவு ஒன்றை எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து மறுபரிசீலனைக்கு 60 நாள், நேரடி வழக்குக்கு 6 மாதம். ஒப்புதல் ஆவணமோ கணக்கெடுப்புத் தாளோ காட்டவில்லை என்றால் தகவல் வெளியீட்டு விதியின் கீழ் எழுதிக் கேளுங்கள். பொதுவாக 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். பதில் வரட்டும் என்று 60 நாள் கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள், அது நிற்பதில்லை. குழுசேர்ந்து மேலிடத்துக்குப் புகார் மனு கொடுக்கப் போவதும் இந்தக் கெடுவை நீட்டிக்காது.